‘மோனின்’: ஓர் இசைத்தட்டின் சமூக வரலாறு

ஜாஸ் இசை பற்றித் தமிழில் எழுதப் புகுவோர் முதலில் ஓர் ஐயத்துக்கு விடையிறுக்க வேண்டியவராயுள்ளனர். அமெரிக்க இசை என்றதும் ஏகாதிபத்தியத்தின் கலாசார ஏற்றுமதி என்ற எண்ணம் முற்போக்கு நோக்குடையார் மனத்தில் எழுவது இயல்பே. அவ்வெண்ணம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. 1956ஆம் ஆண்டு முதலாக ஐக்கிய அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் ஜாஸ் குழுக்களை அரச செலவில் ஆசிய, ஆபிரிக்க, ஐரோப்பிய நாடுகளுக்கு அனுப்பலாயிற்று. 1958இல் டேவ் புறூபெக்கின் குழுவினர் போலந்து, துருக்கி, இந்தியா முதலிய நாடுகளுக்கு மேற்கொண்ட பயணத்தில் இலங்கையும் இடம்பெற்றது. 1963இல் டியூக் எலிங்டனின் பெருங்குழுவும் இங்கு வந்து சென்றது. சுதந்திர உலகின் சுதந்திர இசை என்பதே அப்பயணங்களின் உட்பொருள்.

ஆயின் அச்சுதந்திரத்தின் தன்மை யாது? 1957 செப்டெம்பரில் ஆர்க்கன்சோ மாநிலத்தின் லிற்றில் றொக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர் உயர்தரப் பாடசாலை ஒன்றினுள் நுழைவதைத் தடுக்க மாநில ஆளுநர் தேசியக் காவற்படையை நிறுத்தினார். அதுவரை அரசியல் பேசாதவர் எனக் கருதப்பட்ட லூயி ஆம்ஸ்ட்ரோங், அமெரிக்க ஜனாதிபதியை வெளிப்படையாகக் கண்டித்ததோடு, சோவியத் ஒன்றியத்துக்குச் செல்லவிருந்த அரச பயணத்தையும் கைவிட்டார். ஏற்றுமதிப் பண்டமாக விளங்கிய அதே இசையின் உள்ளே ஏற்றுமதியாளனை மறுக்கும் குரல் ஒன்றும் இருந்தது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது. அக்குரல் எங்கிருந்து வந்தது, எவ்வாறு வடிவம் பெற்றது என்பதை ஒரேயொரு இசைத்தட்டைக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சியாகும்.

அவ்விசைத்தட்டு 1958ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 30ஆம் திகதி, நியூ ஜேர்சி மாநிலத்தின் ஹக்கன்சாக் என்ற சிற்றூரில் ஒரே நாளில் ஒலிப்பதிவு செய்யப்பட்டது. ‘ஆர்ட் பிளேக்கியும் ஜாஸ் மெசஞ்சர்ஸும்’ என்பதே அதன் முதற்பெயர். அதன் முதற் பக்கத்தைத் தொடக்கிவைத்த ‘மோனின்’ என்ற உருப்படியின் புகழினால் தட்டு முழுவதுமே பின்னர் அப்பெயரைப் பெற்றது. வாசித்தோர் ஐவர். முரசுத் தொகுதியில் தலைவர் ஆர்ட் பிளேக்கி. ட்ரம்பெற் வாசித்தவர் லீ மோர்கன். டெனர் சக்சபோன் பெனி கோல்சன். பியானோ பொபி டிம்மன்ஸ். டபிள் பாஸ் ஜிமி மெரிற். பிளேக்கிக்கு அப்பொழுது வயது 39. மோர்கனுக்கு 20, டிம்மன்ஸுக்கு 22. தலைவர் நீங்கலாக ஏனைய நால்வரும் பிலடெல்பியா நகரத்தவர் என்பது மனங்கொள்ளத்தக்கது. இதனை வெறுந் தற்செயலாகக் கொள்வதற்கில்லை.

1916ஆம் ஆண்டளவில் தொடங்கி 1970 வரை ஏறத்தாழ அறுபது இலட்சம் கறுப்பின மக்கள் தென் மாநிலங்களை விட்டு வடக்கினதும் மேற்கினதும் தொழில் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். பருத்தி நிலங்களின் பங்குக் குத்தகை முறையும் நிறவெறிக் கும்பல்களின் கொலைகளும் அவர்களைத் துரத்தின. ஆலைகளின் கூலி அவர்களை அழைத்தது. பிற்ஸ்பேர்க், டிட்ரோயிற், சிக்காகோ, பிலடெல்பியா ஆகிய நகரங்களில் அவர்கள் குடியேறிய பகுதிகளிலே மூன்று நிறுவனங்கள் உடனடியாக எழுந்தன: தேவாலயம், மதுச்சாலை, பாடசாலை இசைக்குழு. பின்னர் ஹார்ட் பொப் எனப் பெயர்பெற்ற இசைமரபு இம்மூன்றின் குழந்தை எனலாம். பிளேக்கி எஃகு நகரமாகிய பிற்ஸ்பேர்க்கிலே 1919இல் பிறந்தவர். பியானோ வாசிப்பவராகத் தொடங்கி, முரசுக்கு மாறி, 1944 முதல் பில்லி எக்ஸ்ரைனின் பெருங்குழுவில் வாசித்தவர். அக்குழுவே பீபொப் இயக்கத்தின் பயிற்சிக்கூடமாக விளங்கியது.

பீபொப் பற்றி ஈண்டுச் சுருக்கமாகக் கூறினாற் போதும். 1940களில் சார்லி பார்க்கர், டிசி கில்லெஸ்பி, தெலோனியஸ் மங்க் முதலியோர் நடன மண்டபத்தின் பணியாளர் என்ற நிலையிலிருந்து ஜாஸ் கலைஞனை விடுவித்தனர். வேகமும் சிக்கலான சுர அடுக்குகளும் கொண்ட அவ்விசை ஆடுவதற்கன்றிக் கேட்பதற்கென்றே அமைந்தது. அது ஒரு மாபெரும் முன்னேற்றம். ஆயினும் அவ்விடுதலைக்குக் கொடுத்த விலையும் உண்டு. தமது மக்களின் பெரும்பகுதியினரை அவர்கள் இழந்தனர். அம்மக்கள் றிதம் அன்ட் புளூஸின் பக்கம் சென்றனர். 1950களின் முற்பகுதியில் நிலைமை இன்னும் விசித்திரமாயிற்று. கலிபோர்னியாவைச் சார்ந்த வெள்ளையினக் கலைஞர் பலரின் மென்மையான ‘கூல்’ பாணியே பத்திரிகைகளின் மதிப்பையும் பல்கலைக்கழக மேடைகளையும் பெற்றது. 1954 நவம்பரில் ‘டைம்’ சஞ்சிகையின் அட்டையை அலங்கரித்தவர் புறூபெக். அவர் நேர்மையான கலைஞர், நிறவேற்றுமையை எதிர்த்தவர் என்பதில் ஐயமில்லை. அவ்விடத்தில் எலிங்டன் அல்லவா இருந்திருக்க வேண்டும் என அவரே கூச்சமுற்றார் என்பர். பிரச்சினை தனிமனிதரைப் பற்றியதன்று. ஓர் இனத்தின் கலை, அவ்வினத்தின் கைகளிலிருந்தே மதிப்பும் சந்தையும் சேர்த்துப் பறிக்கப்பட்டமையே பிரச்சினை.

இப்பின்னணியிலேதான் பிளேக்கியும் பியானோக் கலைஞர் ஹொரஸ் சில்வரும் ஜாஸ் மெசஞ்சர்ஸ் குழுவை உருவாக்கினர். 1955இல் சில்வர் இயற்றிய ‘த பிறீச்சர்’ தேவாலயப் பாடலின் எளிய நடையைத் துணிந்து கையாண்டது. அதனைப் பதிவு செய்ய இசைத்தட்டு நிறுவனத்தாரே முதலில் தயங்கினர். பழம் பாணிக்குத் திரும்புதல் என்று அது அவர்களுக்குப் பட்டது. 1956இல் சில்வர் பிரிந்து சென்றார். பெயர் பிளேக்கியிடம் தங்கியது. அடுத்த இரண்டாண்டுகள் குழு தள்ளாடியது எனலாம். 1958இல் கோல்சன் வந்து சேர்ந்தபோதே அதற்குப் புத்துயிர் கிடைத்தது. அவரே தமது நகரத்து இளைஞர்களை அழைத்து வந்தார், புதிய உருப்படிகளை எழுதினார், இசைநெறியாளராகவும் விளங்கினார். இவ்விசைத்தட்டின் புகழில் கோல்சனுக்குரிய பங்கு பொதுவாகக் குறைத்தே மதிப்பிடப்படுகின்றது என்பது என் கருத்து. ஆறு உருப்படிகளில் நான்கு அவருடையவை. தலைப்பு உருப்படியை டிம்மன்ஸ் முழுமையாக்கியதற்கும் அவரே காரணர்.

அக்கதையைக் கோல்சனே பலமுறை கூறியுள்ளார். டிம்மன்ஸ் மேடையில் ஓர் உருப்படிக்கும் அடுத்ததற்கும் இடையே விளையாட்டாக ஒரு சிறு தொடரை வாசிப்பது வழக்கம். எட்டு அளவைகளே கொண்ட அத்தொடரை அவர் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. அதற்கு ஓர் இடைப்பகுதியை எழுதி முழு உருப்படியாக்குமாறு கோல்சன் வற்புறுத்தினார். டிம்மன்ஸ் பாதிரியார் ஒருவரின் பேரன். பாட்டனாரின் தேவாலயத்தில் ஓர்கன் வாசித்தவர். விளையாட்டாக அவர் விரல்களில் ஊறியது அத்தேவாலயமே.

உருப்படியின் அமைப்பு முப்பத்திரண்டு அளவைகள் கொண்டது. எட்டளவைப் பகுதி இருமுறை வரும், பின் இடைப்பகுதி, மீண்டும் முதற்பகுதி. இது அமெரிக்கப் பாடல்களின் மிகச் சாதாரணமான கட்டமைப்பு. அசாதாரணமானது அதனுள்ளே நிகழும் உரையாடல். பியானோ தனித்து ஒரு வினாவை எழுப்புகின்றது. ஏனையோர் இரண்டே ஒலிகளில் விடையிறுக்கின்றனர். அவ்விரு ஒலிகள், தேவாலயத்திலே பாட்டின் முடிவில் ‘ஆமென்’ எனச் சபையார் பாடும் சுரக்கூட்டின் அடைவேயாகும். பின்னர் ஊதுகருவிகள் வினாவைத் தமதாக்கிக் கொள்ள, விடையிறுக்கும் பொறுப்பு மற்றவரைச் சேர்கின்றது. அழைப்பவனும் விடையிறுப்பவனும் இடம்மாறிக் கொள்ளும் இம்முறை பருத்தி வயல்களின் வேலைப்பாட்டுகளிலும் கறுப்பினத் தேவாலயத்தின் பிரசங்கத்திலும் வழிவழி வந்தது. அச்சபைகளில் ‘மோன்’ என்பது சொற்களின்றி முனகி இசைக்கும் பிரார்த்தனையைக் குறிக்கும். சொற்களைக் கண்காணிப்பவன் அருகே நின்றபோது முனகல் ஒன்றே பாதுகாப்பான மொழியாக இருந்திருத்தல் வேண்டும்.

இடைப்பகுதியில் நிறுத்தி நிறுத்திச் செல்லும் நடை மாறி, பாஸும் முரசும் இடையறாத ஓட்டத்தை மேற்கொள்கின்றன. பின்பு மோர்கனின் தனிவாசிப்பு. முனகலின் சிறு துண்டுகளையே எடுத்து, நீட்டி, நையாண்டி கலந்து, ஒரு பிரசங்கி சபையைச் சூடேற்றுவதுபோல அவர் படிப்படியாக ஏறுகின்றார். இருபது வயது இளைஞனின் வாசிப்பு என்பதை நம்புவது கடினம். அடுத்துக் கோல்சன், டிம்மன்ஸ், மெரிற் என வரிசை செல்கின்றது. ஒன்பதரை நிமிடங்கள் கொண்ட இவ்வுருப்படியில் தலைவருக்குத் தனிவாசிப்பே கிடையாது. பிளேக்கி பின்னணியில் நின்று இரண்டாம், நான்காம் அடிகளில் கைத்தாளத்தட்டை இறுக மூடி ஒலிக்கின்றார். ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் சந்தியில் குச்சிகளைத் தோலில் அழுத்தி உருட்டி அலைபோல் எழும் ஒலியால் புதியவரை உள்ளே தள்ளுகின்றார். தலைமை என்பது இங்கே பிறரைப் பேசவைக்கும் ஆற்றலாகவே வெளிப்படுகின்றது. அவரது முரசுக்குரிய இடம் ‘த ட்ரம் தண்டர் சூற்’ என்ற மூன்று பகுதிகள் கொண்ட உருப்படியில் தனியே வழங்கப்பட்டுள்ளது. ‘புளூஸ் மார்ச்’ நியூ ஓர்லியன்ஸ் வீதி ஊர்வலங்களின் அணிநடையை நவீன ஜாஸுடன் இணைத்தது. ‘எலோங் கேம் பெற்றி’யோ அமைதியானது, அதன் சுர நகர்வுகள் கேட்பதற்கு எளிமையாகவும் வாசிப்பதற்குக் கடினமாகவும் உள்ளன. எஞ்சிய இரண்டில் ‘ஆர் யூ றியல்’ கோல்சனுடையது. மற்றது ஹரோல்ட் ஆர்லனின் பழைய பாடல்.

‘மெசஞ்சர்ஸ்’ என்ற பெயர் பற்றியும் ஒரு குறிப்பு. 1940களின் பிற்பகுதியில் கறுப்பினக் கலைஞர் பலர் இஸ்லாத்தைத் தழுவினர். அம்மாற்றத்தில் பஞ்சாபிலே தோன்றிய அகமதியா இயக்கத்தின் பிரசாரகர்களுக்குக் கணிசமான பங்குண்டு. பிளேக்கியும் அப்துல்லா இப்னு புகைனா என்ற பெயரை ஏற்றவர். தூதுவர் என்ற பொருளுடைய அப்பெயர் அச்சூழலில் பிறந்தது. ஆபிரிக்காவையும் இஸ்லாத்தையும் நோக்கித் திரும்பிய ஒரு தலைவரின் குழு, கிறித்தவத் தேவாலயத்தின் ‘ஆமென்’ கொண்டு உலகப் புகழ் பெற்றது என்பதில் உள்ள முரண் மேலோட்டமானதே. இரண்டுமே அமெரிக்க வெள்ளைச் சமுதாயம் தராத அடையாளமொன்றைத் தேடிய வழிகள்.

இனி, இவ்விசையின் பொருளியல் அடிப்படையை நோக்குவோம். 1948இல் அறிமுகமான நீண்டநேர இசைத்தட்டு இல்லையேல் ‘மோனின்’ இவ்வடிவில் தோன்றியிராது. பழைய 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடங்களையே தாங்கியது. மேடையில் இயல்பாக நிகழ்ந்த நீண்ட உரையாடலுக்கு அதில் இடமில்லை. அதேவேளை ‘மோனின்’ இரண்டாகப் பகுக்கப்பட்டு 45 சுழற்சிச் சிறுதட்டாகவும் வெளியிடப்பட்டது. கறுப்பினக் குடியிருப்புகளின் மதுச்சாலைகளில் நாணயமிட்டு இயக்கும் ஜூக்பொக்ஸ்களுக்கு அது சென்றது. பீபொப் இழந்த மக்களை ஹார்ட் பொப் மீட்டது என்று கூறும்போது, அம்மீட்சியின் பௌதிக வழி இதுவே என்பதை மறந்துவிடலாகாது.

தட்டை வெளியிட்ட புளூ நோட் நிறுவனம் 1939இல் நியூ யோர்க்கில் தொடங்கப்பட்டது. நிறுவியவர்களுள் ஒருவரான அல்பிரட் லயனும், அவருடன் பின்னர் இணைந்த பிரான்சிஸ் வூல்ஃபும் பேர்லினில் பிறந்த யூதர்கள். வூல்ஃப் நாசிகளின் பிடியிலிருந்து 1939இல் தப்பி வந்தவர். ஒத்திகைக்கும் கலைஞருக்கு ஊதியம் வழங்கியமை இந்நிறுவனத்தின் சிறப்பு. ஏனைய சிறு நிறுவனங்கள் அதைச் செய்வதில்லை. கோல்சனின் நுணுக்கமான எழுத்து அத்தனை தெளிவாக ஒலிப்பதற்கு அவ்வொத்திகைகளும் காரணமாயின. ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் பகலிலே கண்பார்வை பரிசோதிப்பவர்; தம் பெற்றோரின் வீட்டு முன்னறையையே ஒலிப்பதிவுக் கூடமாக்கியிருந்தார். ஆகவே மூலதனத்தின் முழு இயந்திரத்தையும் கொண்டு இவ்விசை உருவாகவில்லை. ஆயினும் சந்தையின் விதிகள் அதனை விட்டுவைக்கவுமில்லை.

‘மோனின்’ வெற்றி பெற்றதும் ‘சோல்’, ‘ஃபங்கி’ என்பன விளம்பரச் சொற்களாயின. உடல் நாற்றத்தைக் குறித்த இழிசொல்லான ‘ஃபங்கி’யைக் கறுப்பினக் கலைஞர் பெருமிதச் சொல்லாக மாற்றிக்கொண்டனர், சில ஆண்டுகளுள் இசைத்தட்டு நிறுவனங்கள் அதனை அட்டைகளில் அச்சிட்டு விற்கலாயின. லீறோய் ஜோன்ஸ், பின்னாளில் அமிரி பராக்கா எனப் பெயர்பெற்றவர், 1963இல் வெளிவந்த ‘புளூஸ் பீப்பிள்’ என்ற நூலில் ஹார்ட் பொப் இயக்கத்தைக் கடுமையாக மதிப்பிட்டார். வேர்களை நோக்கித் திரும்பியமை சரியே. ஆயின் அவர்கள் போதிய தூரம் செல்லவில்லை, வேர்களின் பாவனையிலேயே தங்கிவிட்டனர் என்பது அவர் வாதத்தின் சாரம். ஓர்னெற் கோல்மன், செசில் டெய்லர் முதலியோரின் புதிய இசையிலேயே உண்மையான தொடர்ச்சியை அவர் கண்டார்.

இவ்வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. ‘மோனினை’த் தொடர்ந்து வந்த எண்ணற்ற ‘ஆமென்’ இசைகளுள் பல வெறும் வாய்பாடுகள் என்பது உண்மையே. ஆயினும் பராக்கா இரண்டு விடயங்களை வேறுபடுத்தத் தவறிவிட்டார் எனத் தோன்றுகின்றது. மக்கட் கலையின் மேற்புற அடையாளங்களை எடுத்தாளுதல் ஒன்று. அக்கலையின் உள்ளுறவை, அதாவது கேட்போனுக்கும் கலைஞனுக்குமிடையிலான உறவை, வடிவத்தின் தத்துவமாக்குதல் மற்றொன்று. இவ்விசைத்தட்டில் அழைப்பும் விடையும் அலங்காரமாக வரவில்லை. ஐவரும் ஒருவர் மற்றவருக்குச் செவிசாய்க்கும் ஒழுங்குமுறையாகவே வருகின்றன. அதே தட்டிலேயே ‘எலோங் கேம் பெற்றி’யின் நுட்பமும் உண்டு. எளிமைக்குத் திரும்புவதற்காகப் பீபொப் ஈட்டிய அறிவை அவர்கள் துறக்கவில்லை. மக்களுக்குரியது எளிமை, அறிஞருக்குரியது சிக்கல் என்ற பிரிவினையை நம்மிடையே இன்றும் சிலர் போற்றுகின்றனர். இத்தட்டைக் கேட்டோருக்கு அப்பிரிவினை நிலைக்காது.

அரசியல் தொடர்பும் கற்பனையானதன்று. 1960 பெப்ரவரி 1ஆம் திகதி கிறீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர் உணவுக்கூட மேசையில் அமர்ந்து எழ மறுத்தனர். அதே ஆண்டில் மக்ஸ் றோச் சுதந்திரப் போராட்டத்தையே பொருளாகக் கொண்ட இசைத்தட்டை உருவாக்கினார். 1961 மே மாதம், தென் மாநிலங்களில் பேருந்து நிறவேற்றுமையை எதிர்த்துச் சென்ற பயணிகள் தாக்கப்பட்டுச் சிறைவைக்கப்பட்ட நாட்களில், பிளேக்கி ‘த ஃபிறீடம் றைடர்’ என்ற முரசுத் தனிவாசிப்பைப் பதிவு செய்தார்.

கலைஞரின் விதி வேறு கதை. டிம்மன்ஸ் பின்னர் கனொன்போல் அடர்லியின் குழுவுக்காக ‘திஸ் ஹியர்’ முதலியவற்றை இயற்றினார். அவற்றின் வெற்றியே அவருக்குச் சிறையாயிற்று. தேவாலயப் பாணியாளர் என்ற முத்திரைக்கு அப்பால் அவரது திறனை எவரும் நாடவில்லை. மதுப்பழக்கம் அவரை அழித்தது. 1974 மார்ச் 1ஆம் திகதி, 38 வயதில், ஈரல் நோயால் மாண்டார். மோர்கனின் ‘த சைட்வைன்டர்’ 1964இல் பெருவிற்பனை கண்டு கார் விளம்பரத்துக்கும் பயன்பட்டது. அதே மோர்கன் 1970இல், கறுப்பினக் கலைஞரைப் புறக்கணித்த தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் படப்பிடிப்புக் கூடத்திலேயே குழப்பிய போராட்டத்தில் பங்குகொண்டார். 1972 பெப்ரவரியில் நியூ யோர்க் விடுதி ஒன்றில் சுடப்பட்டு இறந்தபோது அவருக்கு 33 வயது.

குழு தொடர்ந்தது. கோல்சன் 1959இல் விலக, வெய்ன் ஷோர்ட்டர் வந்தார். பிறகு பிறெடி ஹபார்ட், சீடர் வோல்டன். 1966இல் கீத் ஜறெற். 1980இல் வின்டன் மர்சாலிஸ். முப்பத்தைந்து ஆண்டுகள் இளைஞரைச் சேர்த்து, எழுதவைத்து, வெளியே அனுப்பிய வேறொரு ஜாஸ் குழுவைச் சுட்டுவது எளிதன்று. 1961 ஜனவரியில் குழுவினர் ஜப்பான் சென்றபோது மக்கள் அளித்த வரவேற்பு அமெரிக்காவில் அவர்கள் கண்டறியாதது. உணவு கொண்டுசெல்லும் சைக்கிள் பையன்களும் ‘மோனினை’ச் சீழ்க்கையடித்தனர் என்று அந்நாட்டில் இன்றும் சொல்லப்படுகின்றது. ஜோன் ஹென்றிக்ஸ் அதற்குச் சொற்கள் எழுத, அது பாடலாகவும் பரவியது. 1980களில் இலண்டன் நடனக்கூடங்களில் இளைஞர் பிளேக்கியின் தட்டுகளுக்கு ஆடினர். கேட்பதற்கென்றே அமைந்ததாகப் பீபொப் பிரித்தெடுத்த இசை, சுற்றி வந்து மீண்டும் ஆடுகளத்தைச் சேர்ந்தது.

பிளேக்கி 1990 ஒக்டோபரில் காலமானார், மெரிற் 2020இல், ஐவருள் எஞ்சியிருந்த கோல்சன் 2024 செப்டெம்பரில், 95ஆம் வயதில். 1999இல் வெளியிடப்பட்ட மறுபதிப்பொன்றில், முன்னர் வெளிவராத சில கணங்கள் சேர்க்கப்பட்டுள்ளன. ஒலிப்பதிவு தொடங்குமுன் மோர்கன் ட்ரம்பெற்றைச் சூடேற்றிக்கொண்டு வான் கெல்டரோடு பேசுகின்றார். பேச்சில் முக்கியமான செய்தி எதுவும் இல்லை. வேலைக்கு வந்த இளைஞன் ஒருவன் தன் கருவியைச் சரிபார்க்கின்றான், அவ்வளவே.